பே.வ.

தையல்காரர் பொத்தானை மாற்றித் தைத்ததற்கு ஒன்று. மாடி வீட்டுப் பூந்தொட்டி தலையில் சொட்டியதற்கு ஒன்று. ஓய்வு பெற்ற தபால்காரர் போட்ட கேஸ்களில் இவையெல்லாம் சில்லறை. தெருவே அவரை ‘வழக்காடி’ என்றுதான் கூப்பிட்டது. மகளுக்கு வரன் வரும்வரை அவரும் அதைப் பட்டமாகவே சுமந்து திரிந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தெருவில் விசாரித்தவர், வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினார். ‘வழக்காடி: வழக்குத் தொடுப்பதில் பிரியம் உள்ளவர்.’ கல்யாணப் பேச்சு அப்படியே அந்தரத்தில் நின்றது.

“அதுக்கு வேற அர்த்தமும் இருக்கு சார். வாங்க, அகராதி ஆபீஸ்லயே கேட்டுடுவோம்” என்று அவரைக் கிளப்பினார் தபால்காரர்.

வாசலில் மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, எனக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு. அங்க போய் நீங்க வாயே தொறக்கக் கூடாது.”

அகராதி ஆபீஸில் கூரைவரை அட்டைப்பெட்டிகள். பதிப்பாசிரியர் அம்மாள் தலையில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேஜையில் தேடிக்கொண்டே விளக்கினார்.

“வழங்குறதுதாங்க வழக்கு. ஜனங்க பேசிப் பழகினதும் வழக்குதான், கோர்ட்டுக்குப் போறதும் வழக்குதான். வழக்காடின்னா நியாயத்தை எடுத்துப் பேசுறவர்னும் சொல்லலாம். புதுப் பதிப்புல அதைத்தான் முதல்ல போடுறோம்.”

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. “நான்தான் தப்பா நினைச்சுட்டேன், சம்பந்தி!”

சம்பந்தி! தபால்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அச்சுக்குப் போகவிருந்த தாளை மட்டும் ஆசையாக எடுத்துப் பார்த்தார். முதல் பொருள் சரி. இரண்டாவதாக இருந்த பழைய பொருளின் பக்கத்தில் ‘பே.வ.’ என்று இருந்தது.

“இது என்னம்மா, பே.வ.?”

“பேச்சு வழக்குங்க.”

முப்பது வருஷமாக ‘வழக்கு’ என்ற வார்த்தை அவர் காதில் ஒரே அர்த்தத்தில்தான் விழுந்திருந்தது.

“வழக்கா? யாரு போட்டது?”

“யாரும் போடலீங்க. ஜனங்க எல்லாரும் சேர்ந்து...”

“எல்லாரும் சேர்ந்தா! எனக்கு ஒரு நோட்டீஸ்கூட வரலையே! எந்தக் கோர்ட்டு? என்ன நம்பர்? உங்க அகராதிக்கே தடை வாங்குறேன் பாருங்க!”

வாத்தியார் மெல்ல எழுந்தார். “ரொம்ப நன்றிம்மா. ரெண்டாவது பொருள் இப்ப நல்லா விளங்கிடுச்சு.” செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.

தபால்காரரின் போன் அடித்தது. “என்னப்பா ஆச்சு? நீங்க எதுவும் பேசலையே?”

தெருமுனையில் மறையும் வாத்தியாரின் முதுகை முறைத்தபடி அவர் சொன்னார்:

“அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலம்மா. எதுவா இருந்தாலும் கோர்ட்டுல பேசிக்கலாம்.”