பலகை பிடிக்கிற ஆள்

என் மகள் பதினைந்து வயதுக்குள் கைவிட்ட கலைகளை எண்ண ஒரு கை விரல்கள் அத்தனையும் வேண்டும். கீபோர்டு நான்கு மாதம். நீச்சல் ஒரு விடுமுறை, அதுவும் காதுக்குள் தண்ணீர் போகும் வரை. அப்புறம் ஓவியம், சதுரங்கம், ஏதோ ஒரு வெளிநாட்டு மொழி. அந்த மொழியில் வணக்கம், நன்றி, எனக்குப் பசிக்கிறது என்ற மூன்றையும் கற்றுக்கொண்டு, வாழ்க்கைக்கு இது போதும் என்று நிறுத்திவிட்டாள். ஆரம்பம் எப்போதும் அமர்க்களமாக இருக்கும். மூன்றாம் மாதம் முகம் சுருங்கும். நான்தான் அவளுக்கு 'அரைக்கிணறு' என்று பெயர் வைத்தேன். அதற்காக அவள் கோபித்துக்கொள்வாள், ஆனால் அந்தக் கோபத்தையும் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிட வந்துவிடுவாள்.

அதனால் கராத்தே என்று வந்து நின்றபோது வெள்ளை உடுப்பை ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன். "வளர்ந்தா சரியா இருக்கும்" என்று அவளிடம் சொன்னேன். "வேற யாருக்காவது குடுத்தாலும் சரியா இருக்கும்" என்று மனைவியிடம் சொன்னேன்.

பதினான்கு மாதம் ஆகிவிட்டது. உடுப்பின் கை இப்போது மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறி நிற்கிறது. வேறொன்று வாங்க வேண்டும்.

நான் தச்சன். வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கராத்தே சொல்லித்தருகிற மாஸ்டர் முப்பது வயதுகூட ஆகாத பெண். காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஓடுகிற வண்டியில் ஐம்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல் அவருக்கு. அவர் "நில்" என்றால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும் நானும் ஒரு கணம் நின்றுவிடுவேன்.

இந்த மாஸ்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அட்டையில் தன் குறிக்கோளை எழுதி, சுவரில் தன் பேருக்கு உள்ள ஆணியில் மாட்ட வேண்டும். என் மகள் முதலில் 'கறுப்பு பெல்ட்' என்று எழுதி, சுற்றிலும் நட்சத்திரம் எல்லாம் வரைந்து கொடுத்தாள். மாஸ்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது ஆசை. நல்ல ஆசைதான், வீட்ல வச்சுக்கோ. செவ்வாய்க்கிழமை காலைல எழுந்து என்ன பண்ணப்போறேன்னு எழுது."

'தினமும் நன்றாகப் பயிற்சி செய்வேன்' என்று எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது. "நன்றாகன்னா எத்தனை?" என்று கேட்டாராம். மூன்றாவது தடவை, 'பள்ளிக்குப் போகும் முன் இடது காலால் நாற்பது உதை, மூன்று வாரம்' என்று எழுதிக் கொடுத்தாள். அது ஆணியில் ஏறியது.

மூன்று வாரம் முடித்தால் புது அட்டை. நடுவில் ஒரு நாள் விட்டாலும் திட்டு கிடையாது, தண்டனை கிடையாது, அதே அட்டை மறுபடியும் முதலிலிருந்து தொங்கும். அவளுடைய அட்டை ஒன்று பதினோரு வாரம் தொங்கியது. பன்னிரண்டாவது வாரம் அதைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட (ஒரே ஒரு தடவை, அதுவும் சுகாதாரப் பாடத்தில்) அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பட்டறையின் உத்தரத்தில் மரத்தூள் அடைத்த சாக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். தினமும் காலையில் நாற்பது 'தொம்'. நான் டீ குடித்துக்கொண்டே கவனிக்காதவன் மாதிரி எண்ணுவேன். முப்பத்தேழில் கொஞ்சம் தொய்வாள். நாற்பதில் முடிப்பாள். எழுப்ப ஆள் தேவையில்லை, கெஞ்ச ஆள் தேவையில்லை. எங்கள் வீட்டில் இது எத்தனை பெரிய அதிசயம் என்பது அவளைப் பள்ளிக்கு எழுப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்த வியாதி அவளோடு நிற்கவில்லை. ஒரு நாள் செருப்பு அலமாரி கேட்டிருந்த வாடிக்கையாளர் வந்தார். "நாளைக்கு ரெடி சார்" என்றேன். எங்கள் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நாளைக்கு எத்தனை மணிக்குப்பா?"

வாடிக்கையாளருக்கு வாயெல்லாம் பல். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த இழைப்புளியை வீசியிருப்பேன், வேறு இழைப்புளி இல்லை. "நாலு மணிக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் நாலு மணிக்கு அலமாரி தயாராக இருந்தது. அதைப் பார்த்து வாடிக்கையாளரைவிட நான்தான் அதிகம் ஆச்சரியப்பட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு வந்தது. பக்கவாட்டில் உதைத்துப் பலகையை உடைக்க வேண்டும், மூன்று வாய்ப்பு. அந்தப் பலகையை வீட்டு ஆள் ஒருவர்தான் பிடிக்க வேண்டும் என்பது மாஸ்டரின் இன்னொரு வழக்கம். "வருஷம் பூரா கொண்டுவந்து விட்டுட்டு வெளில நின்னு போன் பாக்கறீங்க. ஒரு நாளாவது பிள்ளைக்கு எதிர்ல நில்லுங்க" என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். போனைப் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து தலையாட்டினேன்.

பலகை அறுக்கிற வேலை வேறு யாரிடம் போகும்? எல்லாப் பிள்ளைகளுக்கும் நான்தான் அறுத்துக் கொடுத்தேன். முடிச்சு இல்லாத பைன் மரம், ஓரடிச் சதுரம், முக்கால் அங்குல கனம்.

இரண்டு வாரம் பட்டறையில் பழகினோம். நான் பிடிப்பேன், அவள் உதைப்பாள். பலகை 'டம்' என்று சத்தம் போடும், அவ்வளவுதான். ஒன்றுகூட உடையவில்லை. குதிகால் சிவந்து வீங்கியது. "இன்னும் சரியாப் படல" என்று எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் மரச்சீவல் குவியல் மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"தேர்வுல இது உடையலைன்னா நான் இனிமே போகமாட்டேன்ப்பா."

இந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. கீபோர்டை விடும் முன் வந்தது, நீச்சலை விடும் முன் வந்தது. பெல்ட் என்ன நிறமாக இருந்தால் எனக்கென்ன? தானாக எழுந்து நாற்பது உதைக்கிற பெண்ணை நான் பதினான்கு மாதமாகத்தான் பார்க்கிறேன். அவள் மறுபடி போர்வைக்குள் போய்விடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரு பலகையை எடுத்துக் குப்புற வைத்தேன். மரத்தின் ரேகையோடு ஒட்டி, மெல்லிய ரம்பத்தால் பின்பக்கம் ஒரு கோடு இழுத்தேன். மூன்றில் ஒரு பங்கு ஆழம். மெழுகில் நுண்ணிய மரத்தூளைக் குழைத்து அதை அடைத்தேன், தேய்த்தேன், ஊதினேன், மறுபடி தேய்த்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மூலையில் அடையாளத்துக்கு ஒரு பென்சில் புள்ளி வைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் வாழ்நாளில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அதுதான்.

"ஏதோ அரண்மனைக் கதவு செய்யற மாதிரி இருக்கே" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. மனைவி சாப்பிட வந்திருந்தாள். எத்தனை நேரம் நின்றாளோ.

"உடையலைன்னா விட்டுடுவாளாம்" என்றேன்.

"விடறதா இருந்தா அவ விடட்டும். நீங்க ஏங்க முந்திக்கறீங்க? கீபோர்டு கிளாஸுக்கு போன் பண்ணி நாளைலேர்ந்து வரமாட்டான்னு சொன்னது யாரு, அவளா?"

"அழுதாளே."

"அழுதா. மூக்கைச் சிந்திட்டு மறுநாள் போயிருப்பா. நீங்க விட்டாத்தானே?"

மெழுகு டப்பாவின் மூடியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். மூடி டப்பா மேலேயேதான் இருந்தது. நீச்சலுக்கும் நான்தான் போன் செய்தேன் என்பது அப்போது ஞாபகம் வந்தது. ஆனாலும் அந்தப் பலகையை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினேன்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை. வேறு ஊர்களிலிருந்து இரண்டு நடுவர்கள் வந்திருந்தார்கள். பெற்றோர்கள் சுவர் ஓரமாக விறைத்து நின்றோம். அவள் முறை வந்ததும் புள்ளி வைத்த பலகையை லாகவமாக உருவி எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

உதைக்கும் முன் பலகையைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் நடுவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது. அவள் முன்பக்கம் காட்டினாள். திருப்பினாள். பின்பக்கத்தில் அவள் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. நடக்கப் பழகிய நாளிலிருந்து பட்டறையில் மரத்தைத் தடவி விளையாடிய பெண். கண்ணுக்குத் தெரியாதது அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

என்னைப் பார்த்தாள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

"மாஸ்டர், இதுல விரிசல் இருக்கு. வேற எடுத்துக்கறேன்" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அந்தப் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அடுக்கின் மேலிருந்த பலகையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

முதல் உதை. டம். உடையவில்லை. இரண்டாவது உதைக்கும் அப்படியே. மாஸ்டர் கிட்டே வந்தார். என்னைப் பார்த்துத்தான் வந்தார்.

"சார், கால் வரும்போது நீங்க பலகையைப் பின்னால இழுத்துக்கறீங்க. நாலு விரல் தூரம். அப்புறம் எப்படி உடையும்?"

"இல்ல மாஸ்டர், அவளுக்கு வலிக்குமேன்னு..." என்று தொடங்கினேன். எல்லோருக்கும் கேட்டுவிட்டது. யாரோ ஒரு அம்மா சிரித்தார். இரண்டு வாரமாகப் பட்டறையிலும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அசையாதீங்கப்பா. வலிச்சா எனக்குத்தானே வலிக்கும்?" என்றாள் மகள்.

மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சத்தியமாக அசையவில்லை. ஆனால் அதற்குள் அவள் கால் ஓய்ந்துவிட்டது. உதை பலகையின் ஓரத்தில் பட்டு வழுக்கியது. அவள் நேராக நின்று, நடுவர்களுக்குக் குனிந்து வணங்கி, வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். பலகைக்கு மட்டும் ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். லேசாக நொண்டினாள். பையை நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. இதோ அந்த வாக்கியம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். காத்திருக்க முடியாமல் நானே வாயைத் திறந்தேன்.

"கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோயேன். நான் மாஸ்டர்கிட்ட பேசறேன்."

நடைபாதையில் அப்படியே நின்றாள்.

"நீங்க யார்கிட்டயும் பேச வேண்டாம்ப்பா." தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்தப் பலகையை நான் உடைச்சிருந்தா, அது நான் உடைச்சதில்லன்னு உங்களுக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன். நினைச்சுப் பாத்தீங்களா?"

நினைத்துப் பார்க்கவில்லை. அவள் அழக்கூடாது என்பதைத் தவிர நான் வேறெதையும் நினைக்கவில்லை. நடுத்தெருவில் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"தப்புதாம்மா" என்றேன்.

பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பும்போது கேட்டாள்.

"பட்டறைல இன்னும் எத்தனை பலகை இருக்கு?"

"ஏழு."

"ஏழும் நல்ல பலகையா?"

"நல்ல பலகைதான். வேணும்னா நீயே தடவிப் பாத்துக்கோ. நாளைக்குக் காலைல பிடிக்கட்டுமா?"

"வேண்டாம். அம்மா பிடிப்பாங்க."

மறுநாளிலிருந்து காலை நேரத்தில் என் சொந்தப் பட்டறையிலிருந்தே நான் வெளியேற்றப்பட்டேன். நான் பார்த்தாலே பலகை தானாகப் பின்னால் நகர்கிறதாம். மருந்துக்கடைக்குக் கிளம்பிய கோலத்தில், கைப்பை தோளில் தொங்க, மனைவி தூண் மாதிரி நின்று பிடித்தாள். நான் வாசலில் டீயோடு நின்று எண்ணினேன். முதல் நாள் 'டம்'. இரண்டாம் நாள் 'டம்'. நான்காம் நாள் ஒரு "ஆ" கேட்டது. காலை எடுத்து உள்ளே வைக்கப்போனேன். "நீங்க வராதீங்க!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஆறாம் நாள் 'டம்' கேட்கவில்லை. 'சடார்' என்றது. முப்பது வருஷமாக மரம் பிளக்கிற சத்தம் கேட்டால் எனக்கு முதலில் வாயில் வருவது வசவுதான். அன்றைக்கு வசவு வரவில்லை, அழுகை வந்தது. எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றாமல் நன்றாக அழுதேன்.

"அப்பா, இப்ப வரலாம்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் அடுத்த பலகையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அளவு பார்த்துப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள்.