ஒன்பதாவது கட்டம்

"நாப்பது வயசுல புஸ்தகப் பையத் தூக்கினு பட்டணத்துக்குப் போறேன்றீங்களே அண்ணி, ஊர்ல இன்னா..."

"முப்பத்தெட்டு."

"...இன்னா பேசுவாங்கன்னு ஒரு நிமிஷம், ஷாப்புல நான் எப்பிடித் தலை நிமிந்து..."

"முப்பத்தெட்டுன்னேன். ரெண்டு வருஷத்த எதுக்கு எனக்குச் சும்மா குடுக்கற?"

"என்னப் பேச வுடுங்க அண்ணி."

"காலையிலேருந்து நீதான் பேசினு இருக்கற சுப்பராயா. நான் நடுவுல நடுவுல மூச்சு வுடறேன், அவ்ளோதான்."

சுப்பராயன் சௌந்தரத்தின் கணவனுக்குத் தம்பி. ஆம்பூரில் வாஹித் பாஷா சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. அண்ணி மனு எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று யாரோ போய்ச் சொல்ல, வேலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்திருந்தான். முழங்கை வரைக்கும், தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டைத் தண்ணீரின் செம்பழுப்பு இன்னும் காயவில்லை. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசல் நிலைக்கு வெளியிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தான்.

சௌந்தரம் கூடத்தில் தகரப் பெட்டியை மேசையாக வைத்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் மேல் பட்டணத்துச் சட்டக் கல்லூரியின் சேர்க்கை மனு. எட்டுக் கட்டம் நிரப்பியாயிற்று. பெயர், வயது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் வாத்தியார் வேலை, அந்த வேலையை விடாமலே வீட்டிலிருந்து படித்து, இரண்டு தடவை தவறி மூன்றாம் தடவை தேறிய பி.ஏ. எல்லாம் மை காய்ந்து கிடந்தது. ஒன்பதாவது கட்டம்தான் வெள்ளையாக இருந்தது. மனு போடுகிறவள் மணமான பெண்ணானால் கணவரின் சம்மதத்தை எழுத்தில் காட்ட வேண்டும் என்று அதன் தலையில் போட்டிருந்தது.

கணவன் கன்னியப்பன், சாயபுவின் ரங்கூன் மண்டிக்குத் தோல் தரம் பிரிக்கப் போய்ப் பதினாலு வருஷம். முதல் வருஷம் நாலு கடிதம். அடுத்த வருஷம் ஒன்று. அப்புறம் இல்லை.

"சட்டம் படிச்சு யார் மேல கேஸ் போடப் போறீங்க? என் மேலயா?"

"உன் மேல போடறதுக்கு இவ்ளோ படிக்கணுமா?"

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. சுப்பராயனின் பெண்டாட்டி சம்பூர்ணம். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னாத்துக்குச் சிரிக்கற? எல்லாத்துக்கும் நீதான் காரணம். அண்ணி விடியக்காலம் எழுந்து புஸ்தகத்தை வெச்சினு முணுமுணுத்தப்பவே எனக்குச் சொல்லியிருக்கணும்."

"நான் ஸ்லோகம்னு நெனச்சேன்."

"அந்தப் புஸ்தகத்துக்குத் தோல்ல அட்டை போட்டுக் குடுத்ததே உன் வீட்டுக்காரருதான் சம்பூர்ணம்," என்றாள் சௌந்தரம்.

"பஜனைப் புஸ்தகம்னு நெனச்சேன் அண்ணி. இங்கிலீஷ்ல இருந்தா எனக்கு இன்னா தெரியும்?"

அது சாட்சியச் சட்டம். ஒன்பது வருஷத்துக்கு முன், அம்மா வீட்டு மனையைத் தன் பெயருக்கு மாற்றுவது பற்றிக் கேட்க, சௌந்தரம் வேலூரில் ஒரு வக்கீலிடம் போயிருந்தாள். அவர் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார், பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்தார். நீ சுமங்கலியா, விதவையா, அதை முதலில் தெரிந்துகொண்டு வா என்றார். அது எனக்கே தெரியாதே என்றாள். ஏழு வருஷம் சேதி இல்லாவிட்டால் ஆள் செத்த கணக்கு, சட்டம் அப்படிச் சொல்கிறது என்றார். அது எழுதியிருக்கிற இடத்தைக் காட்டுங்கள் என்றாள். பொம்பளைக்கு அதெல்லாம் எதற்கு என்று அவர் எழுந்து போய்விட்டார். போகட்டும் என்று வந்திருப்பாள். ஆனால் வக்கீலின் குமாஸ்தா வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளைப் படிக்க உட்கார்த்தி வைத்தது. புத்தகத்தைத் தேடி வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்து, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. நூற்றெட்டாம் பிரிவு. உயிரோடு இருக்கிறான் என்று எவன் சொல்கிறானோ அவன்தான் நிரூபிக்க வேண்டும். அதைப் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பிரிவைப் படித்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அன்வரி பேகத்தின் குரல் வந்தது. அவள் அடுத்த வீட்டுத் தோல் வியாபாரியின் மனைவி. ஆள் மதிலுக்கு மேல் தெரியமாட்டாள், குரல் மட்டும் தாண்டி வரும்.

"சௌந்தரம்மா, சண்டை தீந்துதா, இன்னும் ஜாஸ்தி இருக்கா? எங்க ஜட்கா ஸ்டேஷனுக்குப் போவுது. லெட்டர் இருந்தா குடுத்துடு. திங்கக்கெழம கடைசி நாள்னு நீதானே சொன்னே?"

"கொஞ்சம் நிறுத்தி வைங்க பேகம்மா. ஒரே ஒரு கட்டம் பாக்கி."

"குதிரைக்குப் புல்லு போடச் சொல்றேன். நீ பேஜாராகாம எழுது."

சுப்பராயன் மதிலைப் பார்த்து முறைத்தான். "ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. எனக்குத்தான் கடைசி. எழுதுங்க, இப்ப இன்னா எழுதப் போறீங்க அந்தக் கட்டத்துல? அண்ணன் சம்மதம் இல்லாம ஒரு காலேஜும் உள்ள வுடமாட்டான்."

"வுடமாட்டான்தான்."

"அப்ப மூடி வைங்க."

"இல்லன்னா விதவைன்னு எழுதணும்."

சொல்லியாயிற்று. சுப்பராயனுக்குக் கோபத்தில் குரல் கீழே இறங்கியது.

"எழுதுங்க. தைரியம் இருந்தா எழுதுங்க. எழுதிட்டு அந்தக் குங்குமத்த அழிங்க, தாலியக் கழட்டி அந்தப் பெட்டி மேல வைங்க. அப்புறம் நான் ஏன் கேக்கறேன்? காலேஜுக்குப் போங்க, கோர்ட்டுக்குப் போங்க."

இந்த இடத்தில் அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்க்கிறான் என்பது சௌந்தரத்துக்குத் தெரிந்தது. பதினாலு வருஷமாக இந்த வீட்டில் எந்தப் பேச்சும் இந்த இடத்துக்கு வந்தால் நின்றுவிடும். அவள் பேனாவை மசிக்கூட்டில் தோய்த்தாள்.

"சரி. நாளைக்கு அமாவாசை. செஞ்சுடலாம்."

"இன்னா செய்யலாம்?"

"பன்னெண்டு வருஷம் சேதி இல்லன்னா தர்ப்பையில ஆள் உருவம் கட்டி, பாலாத்தங்கரையில வெச்சுக் கொளுத்தணும்னு முறை இருக்குதில்ல? பதினாலு ஆச்சு. ஐயருக்குச் சொல்லி அனுப்பு. தம்பி நீ இருக்கற, கொள்ளி வைக்க வேற ஆள் தேட வேணாம். நாலு பேர் முன்னால அண்ணனப் பத்தி ஒரு தகவலும் இல்லன்னு சொல்லிட்டு வை. நீ வெச்ச நெருப்பு அணையறதுக்குள்ள நான் குங்குமத்த அழிச்சுடறேன்."

அடுப்படியில் கீரை உருவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

சௌந்தரம் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அவன் தன் கைகளைப் பார்த்தபடி தேய்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பெரியவர்கள் வந்து இந்தப் பேச்சை எடுத்தபோது, இந்த வருஷம் நமக்கு நல்லதில்லை என்று சொல்லி அனுப்பியவன் இவன். போன வருஷம், சம்பூர்ணம் முழுகாமல் இருக்கிறாள் என்றான். தன் மேல் இரக்கப்பட்டுத்தான் தள்ளிப் போடுகிறான் என்று அவள் நம்பியிருந்தாள். அதற்காக அவனிடம் ஒரு மரியாதைகூட வைத்திருந்தாள்.

"ஏன் சுப்பராயா, கையத் தேய்ச்சினு இருக்கற?"

"குளுரு."

"வைகாசி மாசத்துல."

"அண்ணி, இதெல்லாம் விளையாட்டுப் பேச்சு இல்ல."

"நான் விளையாடல. அண்ணன் உசுரோட இல்லன்னு வாயால சொல்லு, போதும். நெருப்பு கூட வேணாம்."

"தெரியாததை எப்பிடிச் சொல்றது?"

"அப்ப இருக்காருன்னு சொல்லு."

"அதுவும்..."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு."

சம்பூர்ணம் எழுந்து வந்தாள். மடியிலிருந்த கீரைக் காம்பெல்லாம் தரையில் கொட்டியது. "வேணாம்க்கா. உசுரோட இருக்கறவருக்குக் கொள்ளி வெச்சா எங்க புள்ளைங்களுக்கு ஆவாதுக்கா. இவர் பொய்யின்னா எவ்ளோ வேணா சொல்லுவாரு, அத மட்டும் செய்யமாட்டாரு."

"சம்பூர்ணம்," என்றான் சுப்பராயன்.

"எத்தினி நாளைக்கு? எனக்குச் சோறு போட்டு வளத்த மாதிரி இருக்கறவங்க மூஞ்சியப் பாத்து எத்தினி நாளைக்கு?"

சௌந்தரம் பேனாவை மசிக்கூட்டின் மேல் குறுக்காக வைத்தாள். "எப்பலேருந்து தெரியும்?"

"ஆறு வருஷமா," என்றான் சுப்பராயன். "மேல்விஷாரத்துச் சாயபு ஒருத்தர் ரங்கூன்ல பாத்தேன்னாரு. அதுலேருந்து வருஷத்துக்கு ஒரு கார்டு, ஷாப்பு விலாசத்துக்கு வரும். நல்லா இருக்கேன்னு. அவ்ளோதான்."

"தனியாவா நல்லா இருக்காரு?"

அவன் சம்பூர்ணத்தைப் பார்த்தான். அவள் சொன்னாள்: "அங்க ஒருத்தி, ரெண்டு பொண்ணுங்கக்கா."

மதிலுக்கு அந்தப் பக்கம் குதிரை தும்மியது. கன்னியப்பன் உயிரோடு இருப்பது அவளை அதிகம் தொடவில்லை. எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தர் இருக்கிறார். இந்தக் கூடத்தில், இந்த அடுப்படியில், அதே சோற்றைத் தின்றுகொண்டு ஆறு வருஷம் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?"

"இருந்திருக்கமாட்டேன்."

"அதான் சொல்லல."

சொல்லிவிட்ட பிறகு அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது போலிருந்தது. நிலையைத் தாண்டி உள்ளே வந்தான். "சரி, தெரிஞ்சுபோச்சு. இப்ப உங்க சட்டப்படியே பேசுங்க. அண்ணன் இருக்காரு. நீங்க மணமான பொம்பள. அவர் சம்மதம் வேணும். ரங்கூனுக்கு எழுதிப் போட்டு, பதில் வர ஒரு மாசம் ஆவும். திங்கக்கெழம கடைசி நாள். உங்க சட்டம்தான் அண்ணி, நான் எழுதினது இல்ல."

அவன் சொன்னது சரிதான். பத்து நிமிஷத்துக்கு முன் நூற்றெட்டாம் பிரிவு அவள் பக்கம் இருந்தது. இப்போது அது போய்விட்டது. அதைப் பிடுங்கிக்கொண்டது அவள் கேட்ட கேள்வியேதான்.

சம்பூர்ணம் பக்கத்தில் வந்து குந்தினாள். "அக்கா, நாங்க ஒண்ணும் சொல்லலன்னு வெச்சுக்கோங்க. விதவைன்னு எழுதிடுங்க. பட்டணத்துல யார் வந்து பாக்கப்போறாங்க? படிச்சு முடிச்சுட்டா அப்புறம் யார் கேக்கப்போறாங்க?"

"அவர் அங்க ரெண்டு பொண்ணு பெத்து வளப்பாரு. நான் இங்க அவரச் சாகடிச்சு, குங்குமத்த அழிச்சுட்டு, வெறும் நெத்தியோட போயி உக்காரணுமா? அதுவும் முதல் தாள்லயே பொய்யெழுதி? பொய் சாட்சி சொல்றதுக்கு எந்தப் பிரிவுல இன்னா தண்டனன்னு நான் ரெண்டு வருஷமா மனப்பாடம் பண்ணினு இருக்கேன் சம்பூர்ணம்."

"அப்ப இன்னா எழுதுவீங்க?"

"நடந்தத எழுதுவேன்."

அவள் குனிந்து எழுதினாள். கட்டம் சின்னது. எழுத்தை நெருக்கி, ஓரத்தில் இறங்கி, பத்தாவது கட்டத்தின் தலை வரைக்கும் போக வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டு, இரண்டு பேருக்கும் கேட்கும்படி தமிழில் படித்தாள்.

"கணவர் கன்னியப்பன் ரங்கூனில் உயிரோடு இருக்கிறார். பதினாலு வருஷத்துக்கு முன் என்னை விட்டுப் போனபோது அவர் என் சம்மதத்தைக் கேட்கவில்லை. அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டபோதும் கேட்கவில்லை. ஆகையால் நானும் அவருடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. என் செய்கைக்கு நானே பொறுப்பு."

"இத எழுதினா சேத்துக்கவே மாட்டாங்க," என்றான் சுப்பராயன்.

"சேக்கலன்னா எந்த விதிப்படி சேக்கலன்னு எழுத்துல கேப்பேன். அவங்க பதில் எழுதினா அதுக்கும் ஒரு பதில் எழுதுவேன். அடுத்த வருஷம் திரும்பவும் மனு போடுவேன். அப்ப எனக்கு முப்பத்தொம்போது."

"அண்ணன் பேரு, நம்ம குடும்பத்துப் பேரு, பட்டணத்துல நாலு தொரைங்க கையில..."

"ஆறு வருஷம் ஷாப்பு விலாசத்துல பத்திரமா இருந்துச்சே அந்தப் பேரு. கொஞ்சம் வெளிக்காத்து படட்டும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் அன்வரி பேகம் மெதுவாகக் கேட்டாள், "புல்லு தீந்துபோச்சு சௌந்தரம்மா. வண்டிய அனுப்பட்டுமா?"

"இதோ, ஒரே நிமிஷம் பேகம்மா."

சௌந்தரம் எழுதிய இடத்தின் மேல் கொஞ்சம் மணல் தூவி, ஊதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு ஓரத்தில் எழுதியதற்கு நேராக ஒரு கோடு கிழித்து, மனுவைப் பெட்டியின் மேலேயே அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பேனாவை எடுத்து நீட்டினாள். சுப்பராயன் தன் பழுப்புக் கையை வேட்டியில் ஒருதரம் துடைத்துவிட்டு அப்படியே நின்றான்.

"அவர் உசுரோட இருக்காருன்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும் சுப்பராயா. கார்டு உனக்குத்தானே வருது, சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும்."