முப்பத்தோராவது நிமிடம்

திரைப்பட விழாவின் மூன்றாம் நாள். அன்றைய நிகழ்ச்சிகளை யாரோ கையால் எழுதி வாசலில் ஒட்டியிருந்தார்கள். பத்து மணிக்கு ஒலிப்பதிவுப் பட்டறை. பன்னிரண்டுக்கு, சிறிய படங்களை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று ஒரு கலந்துரையாடல். இரண்டு மணிக்கு 'முடியாத படம்'.

முடியாத படம் அவளுடையது.

அந்த நிகழ்ச்சிக்கு ஒரு விதி இருந்தது. எடிட்டிங் முடியாத படத்தை நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டுவார்கள். பிறகு ஒரு மணி நேரம் அவர்கள் பேசுவார்கள். இயக்குநர் முன்வரிசையில் ஒரு நோட்டுடன் உட்கார்ந்து கேட்க வேண்டும். கலந்துரையாடல் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, தலையாட்டவும் கூடாது. கடைசி இரண்டு நிமிடம் மட்டும் அவருக்கு. வந்திருக்கும் ஆறு படங்களில் ஒன்றை விழாக் குழு தேர்ந்தெடுக்கும். அதை முடிக்க எடிட்டிங் அறை தருவார்கள். அடுத்த ஆண்டு தொடக்கப் படமாகப் போடுவார்கள். நான்கு வருடமாக அவள் இதற்குத்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

படம் அவளுடைய அண்ணனைப் பற்றியது. லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட வேலை.

காலையில் ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்கும்போது புரொஜெக்டர் அறைக்காரர் கேட்டார்.

"ரெண்டு ஃபைல் இருக்கே. எதைப் போடறது?"

"புதுசு."

"ரெண்டுக்கும் பேரு ஒண்ணாவே வச்சிருக்கீங்க."

"தேதி பாருங்க சார். புதுசா இருக்கறது." ஒலிப்பதிவுப் பட்டறை தொடங்கிவிட்டிருந்தது. அவள் ஓடிவிட்டாள்.

அண்ணன் ஒன்றே முக்காலுக்கு வந்தான். அரை நாள் லீவு. சட்டையில் கம்பெனிப் பெயர். நான்கு மாடியும் படியேறி வந்திருந்தான்.

"லிஃப்ட் இருக்கே அண்ணா."

"பாத்தேன். அதான் படியில வந்தேன்."

கடைசிக்கு முந்தின வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்தான்.

"சட்டை மாத்திட்டு வந்திருக்கலாம்ல?"

"படத்துல இதானே போட்டிருக்கேன். அடையாளம் தெரிய வேண்டாமா?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அது இல்லல்ல?"

"வெட்டியாச்சுன்னு சொன்னேனே."

அவன் தலையசைத்தான். விளக்கை அணைத்தார்கள்.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. மெஷின் ரூம், கிரீஸ் டப்பா, அண்ணனின் கை. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணிடம் கதவுக்கு வெளியிலிருந்து இருபது நிமிடம் சமையல் பற்றிப் பேசிக்கொண்டே வேலை பார்க்கிறான். அரங்கு சிரித்தது. முப்பதாவது நிமிடத்தில் மஞ்சள் சுவரோரம் ஒரு படிக்கட்டு. அவன் இறங்கி வருகிறான். அவன் திரையை விட்டு விலகியதும் அடுத்த காட்சியாகக் காலை நேரத்துச் சாலை வர வேண்டும்.

அவன் விலகவில்லை. படியில் உட்கார்ந்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இது பழைய வெர்ஷன். பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று இன்று காலை வீட்டில் அதையும் டிஸ்க்கில் ஏற்றியிருந்தாள். ஏற்றியதில் அதற்கு இன்றைய தேதி விழுந்திருக்கும். புதியதன் தேதி ஞாயிற்றுக்கிழமை. புரொஜெக்டர் அறைக்காரர் சொன்னபடிதான் செய்திருக்கிறார்.

திரையில் அண்ணன் தண்ணீர் குடித்தான். பாட்டிலை மூடினான். அவன் பேசத் தொடங்க இருபது விநாடி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து கையைத் தூக்கினால் போதும், நிறுத்திவிடுவார்கள். இயக்குநர் பேசக் கூடாது என்பது விதி. அது படம் முடிந்த பிறகு நடக்கும் பேச்சுக்குத்தான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

எழவில்லை.

"எங்கூட வேலை பாத்தவன், நெட்டையன்னு கூப்பிடுவோம், அவன் லிஃப்ட் கூண்டு மேல ஏறணும். நான் மேல மெஷின் ரூம்ல. மெயினை ஆஃப் பண்ணிட்டு அதுல பூட்டு போடணும். போட்டாத்தான் ஏறலாம். பூட்டியாச்சு, ஏறுன்னு கத்தினேன். பூட்டு என் பையில இருந்துச்சு. ஒரு நிமிஷம்தானேன்னு விட்டுட்டேன். கீழ போய் ஸ்பேனர் எடுத்துட்டு வர்றதுக்குள்ள எவனோ கரண்ட் இல்லைன்னு சுவிட்சைப் போட்டுட்டான். நாலடிதான் நகந்துச்சு. அவன் கால் போச்சு."

திரையில் அவன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விசாரணையில, நான் சொல்றதுக்கு முன்னாடியே ஏறிட்டான்னு சொன்னேன். அவனைக் கேட்டாங்க. சரியா ஞாபகமில்ல, அவசரப்பட்டுட்டேன் போலன்னுட்டான். தப்பு அவன் மேலன்னு எழுதிட்டாங்க. ஒம்பது வருஷமாச்சு. இப்ப ஸ்டோர்ல உக்காந்து நட்டு போல்ட் எடுத்துக் குடுக்கறான். காலையில எனக்கும் சேத்து டீ வாங்கி வைக்கறான்."

படம் பிடிக்கிறாள் என்பதை மறந்துதான் அன்று சொன்னான். மூன்று வாரத்துக்கு முன் அவள் வீட்டில் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டான். இது வேண்டாம் என்றான். வெட்டிடறேன் என்றாள். அப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

படம் முடிந்தது. விளக்குகள் எரிந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நெறியாளர் மைக்கை எடுத்தார். கைகள் எழுந்தன. தொடக்கம் இழுக்கிறது என்றார் ஒருவர். இசை வேண்டும் என்றார் இன்னொருவர். இசையே வேண்டாம் என்று அவர் பக்கத்தில் இருந்தவர்.

"லிஃப்டை நான் ஒரு குறியீடாப் பாக்கறேன்" என்றார் கண்ணாடி போட்ட ஒருவர். "அது எதுக்கான குறியீடுன்னு யோசிச்சா…"

பின்னாலிருந்து அண்ணனின் குரல் மெதுவாகக் கேட்டது. "மேல கீழ போறதுக்கு."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் இன்னும் போகவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

விழாக் குழுவில் மூத்த எடிட்டர் அம்மா ஒருவர் இருந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் கத்திரி என்பார்கள். அவருக்கும் தெரியும். மைக்கை வாங்கவில்லை.

"முப்பதாவது நிமிஷம் வரைக்கும் இது நல்ல மனுஷன் ஒருத்தரைப் பத்தின படம். அந்த மாதிரி இந்த வாரம் நாலு பாத்துட்டேன். முப்பத்தோராவது நிமிஷத்துலதான் இது படம். முன்னாடி பத்து நிமிஷத்தை எடுத்துடு. அந்தப் படிக்கட்டுல மட்டும் கைய வைக்காத. கேட்டுச்சாம்மா? தலையாட்டாத, எழுதிக்கோ."

அவள் நோட்டில் எதுவும் எழுதவில்லை.

மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "அந்த நெட்டையன் இந்தப் படத்தைப் பாத்துட்டாரா?"

"அதுக்கு இயக்குநர் இப்ப பதில் சொல்ல முடியாது" என்றார் நெறியாளர்.

"எனக்கும் அந்த விதி உண்டா?"

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் எழுந்து நின்றான். நாற்பது பேரும் அந்தச் சட்டையைப் பார்த்தார்கள். நெறியாளர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு இல்ல சார்."

"அவன் பாக்கல" என்றான் அண்ணன். உட்கார்ந்துகொண்டான்.

அதன் பிறகு கை தூக்கியவர்கள் குறைவு. நெறியாளர் நேரத்துக்கு முன்பே முடித்து, இரண்டு நிமிடம் உங்களுக்கு என்று அவளிடம் மைக்கைக் கொடுத்தார்.

"அந்தக் காட்சி படத்துல இல்ல" என்றாள். "மூணு வாரத்துக்கு முன்னாடியே எடுத்தாச்சு. இன்னிக்கு ஓடினது தப்பான வெர்ஷன். தப்பு என்னுது. இதை வெளியில யார்கிட்டயும் பேச வேண்டாம்னு கேட்டுக்கறேன்."

கத்திரி அவளைப் பார்த்தார். "அப்ப உன்கிட்ட என்ன படம்தான் இருக்கு?"

"அது இல்லாத படம்."

"அதை எங்களால எடுத்துக்க முடியாதும்மா."

"தெரியும்."

ஒன்றரை நிமிடம் மிச்சம் இருந்தது. மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

அண்ணன் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தான். மேலே அடுத்த நிகழ்ச்சிக்கு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். அவள் இரண்டு படி மேலேயே நின்றாள்.

"வெட்டிட்டேன்னு சொன்னே."

"வெட்டினேன்."

"அப்புறம் எதுக்கு அது கையில இருந்துச்சு?"

அவளிடம் பதில் இருந்தது. எடிட் செய்பவர்கள் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள் என்று சொல்லலாம். சொல்லவில்லை.

"விட மனசு வரல."

"ம்."

"இன்னொண்ணும் இருக்கு. அது வரப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. எந்திரிச்சிருந்தா நிறுத்தியிருப்பாங்க. நான் எந்திரிக்கல."

அண்ணன் கைப்பிடிக் கம்பியைத் தட்டிப் பார்த்தான். அது ஆடியது. திருகாணி எங்கே என்று குனிந்து தேடினான்.

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்ற? நான் கேக்கலையே."

"தெரியல."

"சொல்லாமயே இருந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா."

இரண்டு பேர் படியேறி வந்தார்கள். அவனைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள். கடந்து போன பிறகும் பேசவில்லை. அவன் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்ன பின்ன தெரியாத நாப்பது பேருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான். "அவனுக்குத் தெரியல."

"அண்ணா, யாரும் பேசமாட்டாங்க. நான் கேட்டுக்கிட்டேன்ல."

"நீ கூடத்தான் வெட்டறேன்னு சொன்னே."

அவள் படியில் உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு. மேலே யாரோ மைக்கைத் தட்டிச் சோதித்தார்கள். ஒப்பனைக் கலைஞரின் பட்டறை இன்னும் ஐந்து நிமிடத்தில் தொடங்கும் என்றார்கள்.

"அன்னிக்கு உங்கிட்டச் சொன்னது தானா வந்துச்சு" என்றான். "அவன் முன்னாடி அப்படி வராது. சொல்லிடலாம்னு நாலு தடவை போனேன். டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்."

"படத்தைப் போட்டுக் காட்டலாமா?"

"வேண்டாம். சினிமா பாக்கற மாதிரி பாப்பான். இந்தக் கண்ணாடிக்காரன் மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. அவனும்.

"நாளைக்குக் காலையில வர்றியா?" என்றான். "எங்கூட. நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் எந்திரிச்சு வந்துடாம பாத்துக்கிட்டா போதும்."

"வர்றேன்."

"கேமரா வேண்டாம்."

"சரி."

"எத்தனை மணிக்குன்னு கேளு."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு. எட்டுக்கு அவன் ஸ்டோர் திறக்கணும்."