குளியலறையில் பழகிய பேச்சு

எங்கள் ஆலையில் பாதுகாப்புப் பயிற்சியாளர் இடம் ஒன்று காலியானது. அதற்குப் போட்டியிட்டவர்கள் இருவர்: நான், என் மனைவியின் தங்கையைக் கட்டிய, பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் சகலை. தொழிலாளர் கூட்டத்தில் இருவரும் பேச வேண்டும். யார் பேச்சு எடுபடுகிறதோ அவருக்கே வேலை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

வேலை அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவன் வாயைத் திறந்தால் போகிறவனும் நின்று கேட்பான். என் மாமியாரே என்னை வைத்துக்கொண்டு, "சின்ன மாப்பிள்ளை பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்பார். எனக்கு வயிறு எரியும்.

ஆகவே நானும் இயல்பாகப் பேசப் பழகினேன். எங்கே தலையைச் சொறிவது, எங்கே சிரிப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். முக்கியமான வரிக்கு முன்னால் மறந்ததுபோல் நின்று கூரையைப் பார்க்க வேண்டும். குளியலறைக் கண்ணாடி முன் தினமும் இதே வேலை.

"மறக்கறதுக்கு எதுக்குங்க இவ்வளவு மனப்பாடம்?" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி புருஷனுக்குத் தானா வருது. எனக்கு வரணுமே."

கூட்டத்தில் முதலில் என்னை அழைத்தார்கள். நீராவிக் குழாய் வெடித்த நாளைச் சொல்லிக்கொண்டே வந்து, திட்டப்படி நின்றேன். கூரையைப் பார்த்தேன்.

முன்வரிசையிலிருந்து சகலை எடுத்துக்கொடுத்தான்: "அன்னைக்கு நானும் பயந்துட்டேன்."

நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த வரி. அவன் உட்கார்ந்தபடி சும்மா சொன்னான், கூடமே அடங்கிவிட்டது.

"நீயுமாப்பா?" என்றார் பின்னால் ஒரு வெல்டர்.

"ஐயோ, நான் இல்லண்ணே. அது சகலையோட பேச்சு. அவருக்கு வாயில வரல."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் பேசியதை ஒருவரும் கேட்கவில்லை. வேலை அவனுக்குப் போனது.

வெளியே வந்ததும் தோளில் கை போட்டான். "நம்ம ரெண்டு குளியலறைக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவருதானே, சகல. தினமும் அதே இடத்துலதான் சிக்கிக்கிட்டீங்க. பாவமா இருந்துச்சு. அதான் தயாரா இருந்தேன்."

அவன் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"பயிற்சிக்கு உங்க பேச்சையே வச்சுக்கட்டுமா? நான் ஒண்ணும் தயார் பண்ணல."

"வச்சுக்கோ."

"அந்த இடத்துல மட்டும் சிக்காம பாத்துக்கறேன்."

"சிக்கினா சொல்லு," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் எடுத்துக்கொடுக்கிறேன்."