மேல் வார்டுக் கால்கள்

சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த பிறகு, பெயின்டர் இசக்கியப்பனைத் தரைத்தளத்திலும் அவனுடைய கால்களை இரண்டாம் மாடியிலும் சேர்த்திருந்தார்கள். அந்த மறுவாழ்வு மையத்தில் அதுதான் நடைமுறை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் பிசியோதெரபிஸ்ட் ஜெபமணி அவன் மணிக்கட்டுகளில் மணல் பைகளைக் கட்டுவாள்.

"தூக்குங்க. பத்து எண்ணுங்க."

எண்ணும்போது தலைக்கு மேலே கால்கள் நடக்கும் சத்தம் கேட்கும். முதல் வாரம் நாலு அடி கேட்டது. ஐந்தாம் வாரம் சத்தம் நிற்கவேயில்லை.

"மேல நல்ல முன்னேற்றம்" என்றாள் ஜெபமணி.

"எனக்கு?"

"நீங்களும் நல்லாத்தான் எண்ணுதீங்க."

அவனைப் பார்க்க யாரும் வரவில்லை. மனைவி பேச்சித்தாய் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வந்தாள். வாசலிலேயே அவளை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் அவனே பார்க்கக் கிளம்பினான். மாடிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும்.

"என்ன உறவு?" என்றார் கிளார்க்.

"என் காலுங்க."

"ஃபாரத்துல அப்படி ஒரு கட்டம் இல்லையே."

தூரத்துச் சொந்தம் என்று எழுதிக் கொடுத்தான். சக்கர நாற்காலியை உருட்ட உருட்டச் சாய்தளம் நீண்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். கால்கள் கட்டிலோரம் நின்றிருந்தன. யாரோ நகம் வெட்டிவிட்டிருந்தார்கள். கையை அசைத்தான். அவை திரும்பவில்லை.

புதன்கிழமை மேலே சத்தமே இல்லை.

"டிஸ்சார்ஜ் ஆயாச்சு" என்றாள் ஜெபமணி.

"எங்க போச்சு?"

"வீட்டுக்குத்தான். வேற எங்க போவும்?"

அவளுடைய போனை வாங்கி வீட்டுக்கு அழைத்தான்.

"பேச்சி, நான்தான்."

"அவுக வந்துட்டாகளே. வாசல் முத்தத்துல நடக்காக. நீங்க யாரு பேசுதது?"

இசக்கியப்பன் சத்தமில்லாத கூரையைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரியில கூட இருந்தவன்."

"சொல்லுங்கண்ணே."

"நல்லா இருக்காரா?"

"நல்லா நடக்காக. பேச்சுதான் இல்ல."

"மழைன்னா இடது காலு மரத்துப்போவும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க." கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு 'ங்க' போட்டான்.

"இருங்கண்ணே, எழுதிக்கிடுதேன்."

அவள் பேனா தேடும் சத்தம் கேட்டது. கிடைக்க வெகுநேரம் ஆனது. இசக்கியப்பன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாக, அவள் எழுதுவதற்குத் தோதாகச் சொல்லத் தொடங்கினான்.