ஒரு பெயர் அளவு இடம்

1

"இந்த இடத்துல மட்டும் ஏம்மா பேர் இல்ல? கல்லு செதுக்கினவர் கண் அசந்துட்டாரா?"

கடலோர நினைவுச் சுவரைப் பார்க்க வந்த பெண்மணி ஒருத்தி, குடையை மடக்கிக்கொண்டே, அந்தச் சுவரைக் கழுவுகிறவளின் மகளிடம் கேட்டது இது. போர்க்கப்பலோடு மூழ்கிப்போன மாலுமிகளின் பெயர்கள் அந்தக் கருங்கல் சுவரில் அகர வரிசையில் இருக்கின்றன. நடுவில் ஒரு பெயர் அளவுக்கு மட்டும் வெறும் கல். மகள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். குடை கண்ணுக்கு மறைந்த பிறகு மனசுக்குள் சொல்லத் தொடங்கிய பதில்தான் நீங்கள் படிக்கும் கதை.

(மகள் என்பது நான்தான். 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று கொந்தளித்து...'

வேண்டாம். கடல் அன்று எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சுவரில் இருக்கிறார்கள்.

அடுத்து: 'கப்பலின் இயந்திர அறையில் அப்பா...'

இதுவும் வராது. மகளுக்கு அப்பாவின் முகமே ஞாபகம் இல்லை. அம்மாவையே எழுதுகிறேன்.

அந்தச் சுவரைக் கழுவுவது அம்மாவின் வேலை. உப்புக்காற்று எழுத்துப் பள்ளங்களில் வெள்ளையாகப் படிந்துவிடும். தினமும் நல்ல தண்ணீரில் துடைக்காவிட்டால் பொன்வண்ணம் உரிந்துவிடும். பள்ளிக்கூடத்தை விட்டபின் மகள் வாளி தூக்குகிறாள். அம்மா அந்த வெறும் இடத்தையும் விடாமல் துடைப்பாள்.

(துணி அங்கே கொஞ்சம் மெதுவாகப் போகும் என்று எழுதி, அடித்துவிட்டேன். அடித்தாலும் அது உண்மைதான்.)

குடும்பத்தார் சம்மதித்தால்தான் பெயர் செதுக்குவார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. கண்ணால் பார்க்காததைக் கல்லில் எழுத மாட்டேன் என்பது அவள் கட்சி.

3

பொன்வண்ணம் பூச ஆண்டுதோறும் வரும் கல்தச்சர், அந்தக் காலி இடத்தால் தன் பேர்தான் கெடுகிறது என்று வந்ததும் புலம்புவார். செதுக்கத் தெரியாதவர் என்று ஊரே பேசுகிறதாம். அம்மா சிரித்து மழுப்புவாள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"காலி இடம் பாக்க நல்லா இல்லையாம், அக்கா. பேர் இல்லேன்னா நங்கூரம் ஒண்ணு செதுக்கிடணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. இன்னைக்கே முடிச்சாகணும்."

சொல்லிவிட்டு அப்பாவின் பெயரை அங்கே சாக்பீஸால் எழுதினார். எல்லார் வீட்டுக்கும் இதே வழக்கம்தான். வேண்டாம் என்றால் உறவுக்காரர் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். விட்டுவைத்தால் சம்மதம், உளி இறங்கும்.

அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது மகளின் வெகுநாள் ஆசை. அன்றுதான் அம்மாவிடம் அதைச் சொன்னாள்.

"செதுக்கிட்டா அப்புறம் அழிக்க முடியாதுடி," என்றாள் அம்மா. "நாளைக்கு உங்கப்பா வந்து நின்னு, அதுக்குள்ள என்ன அவசரம்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

4

ஒரு முடிவு: அம்மா அழுதுகொண்டே தலையாட்டுகிறாள். (பொய். அம்மா யார் முன்னாலும் அழ மாட்டாள்.)

இன்னொன்று: அம்மா துடைத்துவிடுகிறாள். நங்கூரம் வருகிறது. (கதைக்குப் பொருந்தும். மகளால் எழுத முடியவில்லை.)

மூன்றாவதாக, அப்பாவே வந்து...

5

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா வழக்கம்போல் மேலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். மேலே இருந்த பெயரைத் துடைத்தாள். சாக்பீஸ் எழுத்தை நனைக்காமல் தாண்டி, கீழே இருந்த பெயரைத் துடைத்தாள். அந்த இடம் முதல்முறையாகத் துடைபடாமல் நின்றது. பிறகு துணியை அலசிப் பிழிந்து என் கையில் வைத்தாள். ('மகள் கையில்' என்று எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை.)

கல்தச்சர் உளியை எடுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். துணி இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. இந்தத் துணியை நீங்கள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.