கிழக்கே சாய்ந்த கயிறு

1991 யூலை இரண்டாம் கிழமை, லண்டனில் இருந்த தமிழ்ப் பெண்களின் தாலிக்கொடிகள் நகரத்து மத்திய வங்கியை நோக்கிச் சாயத் தொடங்கின. கிங்ஸ்பரியில் அவை தென்கிழக்கே சாய்ந்தன. ஆர்ச்வேயில் தெற்கே. நகரின் கிழக்கு ஓரத்துப் பார்க்கிங்கில் மேற்கே. வங்கிச் சந்தியால் பஸ்ஸில் வேலைக்குப் போனவர்களுக்கு அந்த இடத்தில் மட்டும் கொடி நேராகக் கீழே இழுத்தது, கழுத்து நொந்தது. அடுத்த தரிப்பிடத்தில் அது மறுபக்கம் திரும்பிக்கொண்டது. வெம்பிளியில் குஜராத்திப் பெண்களின் வளையல்கள் மணிக்கட்டில் ஒரு பக்கமாக ஒதுங்கின. முதலில் சனி மாற்றம் என்றார்கள். ஆடி வெள்ளிக்கு முருகன் கோயிலில் கூடிய கூட்டத்தில் எல்லாக் கொடிகளும் ஒரே பக்கம் பார்த்து நின்றபோது, அது சனி இல்லை என்று தெரிந்தது. பெண்கள் ஊசியால் கொடியைச் சட்டையோடு குத்திக்கொண்டார்கள். வெயில் அந்த வருடம் பரவாயில்லை. தக்காளி மலிந்திருந்தது.

அந்த மாதம்தான் இந்தியா தன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டன் மத்திய வங்கிக்கு அனுப்பியிருந்தது. வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறி, அங்கே வேலை செய்தவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பி, சில கிழமை இறக்குமதிக்கு மட்டும் கையிருப்பு மிஞ்சிய நாடு அது. இங்கிலாந்தும் யப்பானும் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டன. ஈடாகப் பொன்னைக் கேட்டன. நாணயத்தின் மதிப்பு ஒரே கிழமையில் இரண்டு தரம் இறக்கப்பட்டது. தொழில் தொடங்க வேண்டுமானால் டில்லியில் வரிசையில் நின்று வாங்கவேண்டியிருந்த அனுமதிகளில் பெரும்பாலானவை அந்த மாத முடிவுக்குள் இல்லாமல் போயின. இவற்றையெல்லாம் சுருக்கி எழுதிக் கொடுப்பது அம்பலவாணனின் வேலை. அவன் பொருளாதாரம் படித்தவன். வங்கிக்கு இரண்டு தெரு தள்ளி, கப்பல் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் ஆசிய நாடுகளைப் பற்றி வாரக் குறிப்பு எழுதினான். அந்த வாரக் குறிப்பில் அவன் கொடிகளைப் பற்றி எழுதவில்லை. அது காப்புறுதியைப் பாதிக்கும் விடயமல்ல.

அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. மனைவி செல்வமலர் போன வருடம் தை மாதம் இறந்திருந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. காலையில் தலையிடி என்றாள், மாலையில் இல்லை. அதற்கு முந்திய வருடம் அவளும் அவளுடைய தமக்கை கமலாம்பிகையும் தங்கள் கொடிகளை பார்க்கிங்கில் ஓர் அடைவு கடையில் ஈடு வைத்து, கொழும்பில் ஒளிந்திருந்த தம்பி கணேசலிங்கத்தை ஏஜென்சி மூலம் லண்டனுக்கு எடுப்பித்தார்கள். கொடி அடைவுக்குப் போனால் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்வது வழக்கம். செல்வமலர் அப்படிக் கட்டிக்கொண்டாள். வெளியில் போகும்போது கழுத்துவரை பொத்தான் போட்டாள். அடுத்த பொங்கலுக்கு முதல் மீட்டுத் தருவேன் என்று அம்பலவாணன் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் அந்தக் கயிற்றைக் கத்தரித்து, தாலியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவனிடம் கொடுத்தார்கள். கமலாம்பிகை தாலியைப் புதுக் கயிற்றில் கோத்து, செல்வமலரின் கழுத்தில் கட்டித் தகனத்துக்கு அனுப்பினாள். பழைய கயிறு பையில் மிஞ்சியது. கணேசலிங்கம் பாங்கொக்கில் மாதக்கணக்கில் கிடந்து லண்டன் வந்து சேர்ந்தபோது அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது.

அம்பலவாணன் அவள் இறந்த வருட வசந்தத்தில் வார இறுதிகளிலும் பெற்றோல் நிலையத்தில் நின்று செல்வமலரின் கொடியை மீட்டான். கடைக்காரி வயதான வெள்ளைக்காரி. உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். வீட்டுக்குக் கொண்டுபோனால் அதைப் போட ஒரு கழுத்து இல்லை. இங்கேயே இருக்கட்டும், பிறகு வருகிறேன் என்றான். அவள் பலவிதமானவர்களைக் கண்டவள். உறையைத் திரும்ப இரும்புப் பெட்டிக்குள் வைத்தாள். கயிற்றை அவன் கிங்ஸ்பரியில் தன் வீட்டில் செல்வமலரின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினான். யூலையில் கொடிகளெல்லாம் சாய்ந்தபோது அந்தக் கயிறும் சுவரை விட்டு விலகி, கிழக்கே, சற்றுத் தெற்காகச் சாய்ந்து நின்றது. பருத்திக் கயிறு. அதில் குன்றுமணிப் பொன்னும் இல்லை.

ஆவணியில் கல்யாணங்கள் தொடங்கின. கிங்ஸ்பரி மண்டபமொன்றில் நடந்த கல்யாணத்தில்தான் ஒரு விடயம் அம்பலமானது. நூறு பெண்களின் கொடிகள் சாய்ந்திருக்க, சிலருடையவை மட்டும் நேராகத் தொங்கின. நேராகத் தொங்கியவை கவரிங். உண்மையான கொடி அடைவு கடையில் இருந்தது. சிலர் இதை முதலே யோசித்து, நூலால் சாய்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவசரத்தில் தவறான பக்கம் சாய்த்தவர்களும் உண்டு. கமலாம்பிகை ஒன்றும் செய்யாமல் வந்திருந்தாள். பந்தியில் பக்கத்தில் இருந்த தவநாயகி, நகைகளைப் பார்ப்பதற்கென்றே கல்யாணங்களுக்குப் போகிறவள், குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்.

“என்ன கமலாம்பிகை, உம்மடை கொடி மட்டும் விறைச்சுக்கொண்டு நிக்குது?”

“அது என்னைப்போல. ஒருத்தருக்கும் வளையாது.”

“கவரிங்கும் வளையாதாம்.”

“ஓம், கவரிங்தான். அண்டைக்கு எங்கடை ஊருக்கு வானத்தால பருப்பும் அரிசியும் போட்ட இந்தியாவே அடைவு கடை வாசலில நிக்குது. நான் ஆர்? அந்தச் சாம்பாரை இஞ்சாலை தள்ளும்.”

பந்தி சிரித்தது. அதற்குப் பிறகு நூலால் சாய்த்துக் கட்டுவது குறைந்தது. ஆனால் கமலாம்பிகை வீட்டுக்குப் போகும் வழியில் அம்பலவாணனிடம் வேறு குரலில் பேசினாள். அவன் கொடியை மீட்டது அவளுக்குத் தெரியும். எடுத்து வராததும் தெரியும்.

“எப்ப எடுக்கப் போறீர்?”

“எடுப்பன்.”

“அது அவளின்ரை. ஆரோ ஒருத்தியின்ரை பெட்டிக்குள்ள என்னத்துக்கு?”

வழியனுப்ப வந்த அவன் ரயில் வரும் பக்கம் எட்டிப் பார்த்தான். ரயில் வந்தது.

அவனுக்கு அடுத்த வீட்டில் கல்யாணசுந்தரம் இருந்தார். கும்பகோணத்துக்காரர், இந்திய வங்கியொன்றின் லண்டன் கிளையில் அதிகாரி. இருவரும் ஒரே ரயிலில் நகரத்துக்குப் போவார்கள். அந்தக் கோடை முழுவதும் அவர் கழுத்துப்பட்டி கட்டவில்லை. அதில் குத்தும் பொன் ஊசி அவரைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. “வீட்ல கஷ்டம்னா நகையைத் தொடறதுதான். தப்பில்ல. ஆனா தெருவே வேடிக்கை பாக்கற மாதிரி ஆயிடுச்சே, அம்பலம்,” என்பார். கார்த்திகையில் ஒருநாள் காலை அவர் கழுத்துப்பட்டியோடு வந்தார். ஊசி நேராக நின்றது. அன்று லண்டன் முழுவதும் கொடிகள் நேராயின. பெண்கள் சட்டையிலிருந்து ஊசிகளைக் கழற்றினார்கள். தவநாயகி மட்டும் பழக்கத்தில் இன்னும் சில நாட்கள் இடது தோளைத் தாழ்த்தி நடந்தாள்.

“நாட்டுத் தங்கத்த மீட்டாச்சு,” என்றார் கல்யாணசுந்தரம்.

“எப்ப கொண்டுபோகினம்?”

“கொண்டு போகல. அங்கேயே இருக்கட்டும்னுட்டாங்க. பெட்டகம் பத்திரம். வெளியில நமக்கும் ஒரு பிடி இருக்கணும்ல?”

“ஓம். நானும் அப்பிடித்தான்.”

கல்யாணசுந்தரம் அவனைப் பார்த்தார். அன்று மாலை தேநீருக்கு வந்தபோது ஆணியில் கயிறு இன்னும் கிழக்கே சாய்ந்திருப்பதைக் கண்டார். பொன் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை, கயிற்றுக்கு அது தெரிந்திருக்கிறது என்று அவர் விளக்கம் சொன்னார். அம்பலவாணன் தலையாட்டினான். வங்கியும் பார்க்கிங்கும் அங்கிருந்து ஏறக்குறைய ஒரே திசைதான்.

வருடங்கள் போயின. மூடியிருந்த துறைகளுக்குள் அந்நிய முதலீடு வந்தது. டில்லி மந்திரிகள் சிங்கப்பூருக்கும் தோக்கியோவுக்கும் போய், பிறகு லண்டனுக்கு வந்து, ஹோட்டல் மண்டபங்களில் பேசினார்கள். அம்பலவாணன் பின்வரிசையில் இருந்து குறிப்பெடுத்தான். முன்பு உதவி கேட்டு வந்தவர்கள் இப்போது வாய்ப்புத் தருவதாகச் சொன்னார்கள். கையிருப்பு பெருகியது. அவன் எழுதிய வாரக் குறிப்புகளில் அந்த நாட்டுக்கான பகுதி நீண்டுகொண்டு போனது. கமலாம்பிகை தன் கொடியை மீட்டு அன்றே போட்டுக்கொண்டாள். வீட்டில் கயிறு சாய்ந்தபடி நின்றது. அது உரசாமல் இருக்க அவன் அலுமாரியைத் தள்ளி வைத்தான். சுவருக்கு நிறம் அடிக்க வந்த போலந்துக்காரன் அதைத் தொடாமல் சுற்றி அடித்துவிட்டுப் போனான்.

1997 பங்குனியில் கணேசலிங்கத்துக்குக் கல்யாணம் பொருந்தியது. பெண் கலாவதி, ஆஸ்பத்திரியில் தாதி, தெளிவாகப் பேசுகிறவள். தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்த பிறகு கணேசலிங்கமும் கமலாம்பிகையும் கிங்ஸ்பரிக்கு வந்தார்கள். கணேசலிங்கம் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான்.

“அத்தான், அக்காவின்ரை கொடிதான் உருக வேணும்.”

“கடையில புதுப்பொன் இருக்கு. நான் வாங்கித் தாறன்.”

“நான் இந்த நாட்டுக்கு வந்ததே அந்தக் கொடியில. அது அங்கை பூட்டிக் கிடக்க, நான் இன்னொரு பொன்னைக் கொண்டுபோய் ஒருத்தியின்ரை கழுத்தில கட்ட ஏலாது. கலாவதிக்கும் சொல்லிட்டன். அவவும் ஓம் எண்டுட்டா.”

“உள்ளுக்கு வா. குளிருது.”

“நீங்கள் சொல்லுங்கோ, வாறன்.”

கமலாம்பிகை தம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கயிற்றுக்கு எதிரே இருந்தாள். “அவள் சுமங்கலியாப் போனவள்,” என்றாள். “அவளின்ரை பொன்னில தாலி செய்தால் பிள்ளைக்கு நல்லம். நீர்தான் விடுறீரில்லை.”

“மீட்டுத் தருவன் எண்டு அவளுக்குச் சொன்னனான்.”

“மீட்டாச்சே,” என்றாள் கமலாம்பிகை.

“அவளிட்டைக் குடுக்கேல்லை.”

கணேசலிங்கம் சப்பாத்தைக் கழற்றினான். கேத்தலில் தண்ணீர் கொதித்து, தானாக நின்றது. யாரும் எழும்பவில்லை. கமலாம்பிகை அம்பலவாணன் பக்கம் திரும்பினாள். “குடுக்க ஏலாது. அவள் இல்லை. நானும் ஏழு வருசமா இதைச் சொல்லேல்லை, இப்ப சொல்லுறன்.” பிறகு எழுந்து போய்த் தேநீர் போட்டாள். அவனுக்குச் சீனி எவ்வளவு என்று செல்வமலருக்குப் பிறகு அவளுக்குத்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அம்பலவாணன் பார்க்கிங் போனான். கடைக்காரி இன்னும் இருந்தாள், வயதில் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தாள். பிறகு வருகிறேன் என்றவர்களில் உண்மையில் வந்தவன் நீதான் என்றாள். உறையின் ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. அவன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்து ரயிலில் வந்தான். வீட்டுக் கதவைத் திறந்தபோது கயிறு நேராகத் தொங்கியது, மற்றவர்கள் வீட்டுக் கயிறுகளைப்போல. கொடியை அதே ஆணியில் மாட்டினான். அன்று மாலை முழுவதும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் இருந்தன. அவன் விளக்கைப் போடாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னுருக்கல் பார்க்கிங்கில் கமலாம்பிகை வீட்டில் நடந்தது. நகை செய்யும் பத்தர் அடுப்பைக் குசினிக்குள் மூட்டியதால் புகை எச்சரிக்கை மணி அலறியது, தவநாயகி விளக்குமாற்றால் அதை அடித்து நிறுத்தினாள். மனைவியை இழந்தவன் சுபகாரியத்துக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று அம்பலவாணன் தானாகவே நடைபாதையில், குடைகளுக்குப் பக்கத்தில் நின்றான். கமலாம்பிகை வந்து கையைப் பிடித்து இழுத்தாள். “பொன் உம்மடை. நீர் வெளியில நிண்டால் அதுவும் உருகாது.” அவன் உள்ளே போனான். கொடியில் தாலிக்கு வேண்டிய துண்டைப் பத்தர் வெட்டி மண்கிண்ணத்தில் போட்டார். அது உருகி, எந்தப் பக்கமும் சாயாமல், மட்டமாக நின்றது. தேங்காய் உடைத்தார்கள். மிகுதிக் கொடியை அவன் கணேசலிங்கத்தின் கையில் கொடுத்தான். தாலி அந்தக் கொடியிலேயே கோக்கப்பட்டு, வைகாசியில் கலாவதியின் கழுத்துக்குப் போனது. இன்றுவரை அது நேராகத்தான் தொங்குகிறது.

பொன்னுருக்கல் முடிந்து அம்பலவாணன் வீட்டுக்கு வந்தபோது கயிறு மறுபடி சாய்ந்திருந்தது. கிழக்கே அல்ல, வாசற்பக்கம். அவன் வாசலில் நின்றான். சப்பாத்தைக் கழற்றிக் குசினிக்குள் போனான். கயிறு குசினிப் பக்கம் திரும்பியது. மேல்மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தான். அது மேலே நிமிர்ந்து நின்றது. வேலை நாட்களில் அது நகரத்துப் பக்கம் சாய்ந்திருந்ததாகவும், அவனுடைய ரயில் நெருங்க நெருங்க மெதுவாகத் திரும்பியதாகவும், இப்போது ஓய்வுபெற்று, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த கல்யாணசுந்தரம் சொன்னார். பெட்டகத்துப் பொன்னைப் பற்றிய தன் பழைய விளக்கத்தை அவர் பிறகு சொல்லவில்லை. அந்தப் பொன் லண்டனிலேயே இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

அம்பலவாணன் யோசித்து, அந்த வார இறுதியில் தன் கதிரையை இடம் மாற்றினான். ஆணிக்கு நேர் கீழே போட்டான். அங்கே அவன் இருந்து வாசிக்கும்போது கயிறு வளையவேண்டி இருக்கவில்லை.